பல்கலைக்கழகம் திறக்குமுன் சில நாள் கடலோர ஊரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பலவும் செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் கல்வியாண்டைத் தொடங்குகின்றன. அதனால் ஆண்டுதோறும் அந்த நாள்களில், பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவருவதற்காக நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல சாங்கியிலிருந்து கிளம்புகின்றன. அப்பா அம்மாவோடு தாத்தா பாட்டியும் உடன் செல்வது உண்டு. பெட்டியில் பாதி இடம் சோறாக்கும் மின்குக்கருக்கும் சாம்பார்ப்பொடி, ரசப்பொடிப் பொட்டலங்களுக்கும் போய்விடும். இவ்வளவு பணம் செலவழித்து இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில், பிள்ளையை விடுதியில் சேர்த்த கையோடு லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று நாளுக்கு ஓர் ஊராக ஓடிவிட்டு, களைத்துப்போய் வீடு திரும்புகிறோம். இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இப்படிப் போகவிருக்கும் குடும்பங்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த விடுப்பை, பிள்ளை விடுதிக்குள் நுழைவதற்கு முன்பாக, படிக்கப்போகும் நகரத்துக்கு அருகிலுள்ள சிறிய கடலோர ஊர் ஒன்றில், ஒரே வீட்டில் தங்கி, பிள்ளையோடு சேர்ந்து கழியுங்கள். இலையுதிர்காலத்தின் தொடக்கம் அதற்கு மிகவும் ஏற்ற பருவம்.

தேசிய சேவையை முடித்த என் மகனுக்கு வட இங்கிலாந்தில் இடம் கிடைத்தபோது, நானும் என் மனைவியும் எண்பதைக் கடந்த என் தாயாரும் உடன் சென்றோம். நாங்கள் தங்கியது யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற சிற்றூரில். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் நகருக்கு ரயிலில் ஏறத்தாழ 2 மணி நேரப் பயணம். யார்க்கிலிருந்து புறப்படும் 840ஆம் எண் பேருந்து மால்ட்டன், பிக்கரிங் ஆகிய ஊர்களைக் கடந்து, நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவின் மேட்டுநிலத்தின் குறுக்கே ஓடி, விட்பியின் துறைமுகத்தருகே இறக்கிவிடுகிறது. பிரிட்டனிலேயே மிக அழகிய பேருந்துத் தடம் என்று 2018ஆம் ஆண்டு வாக்கெடுப்பு ஒன்றில் தேர்வான தடம் இது. மாடிப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார்ந்தால் அதற்கான காரணம் தானே விளங்கும். ஆகஸ்ட்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ஹெதர் புதர்கள் செப்டம்பர் பிற்பகுதிக்குள் பழுப்பேறிவிடுகின்றன. அவற்றுக்கிடையே பிராக்கன் எனப்படும் பெரணிகள் துருவின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வீடும் இல்லை, பெரிய மரமும் இல்லை; ஆடுகள் மட்டும் சாலையோரத்தில் மேய்கின்றன. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த என் மகன் அந்த வெற்றுவெளியைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், கோடை முழுவதும் கடற்கரை ஊர்களில் நிறைந்திருந்த குடும்பங்கள் அதற்குள் வீடு திரும்பியிருக்கும். கடைகளும் அருங்காட்சியகங்களும் அப்படியே திறந்திருக்கும். பழைய நீராவி ரயிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கூட்டம் இருக்காது, வாடகையும் ஆகஸ்ட்டில் இருந்த அளவுக்கு இருக்காது. அக்டோபர் இறுதியில் பள்ளிகளுக்கு மறுபடியும் ஒரு வார இடைவேளை வரும்போது கூட்டமும் திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட சில வாரங்களே நமக்கான காலம்.

வெளிச்சமும் அப்போதுதான் நமக்கு ஒத்துவருகிறது. செப்டம்பர் 22, 23 வாக்கில் உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன. அந்த நாள்களில் விட்பியில் சூரியன் காலை 7 மணியை ஒட்டி எழுந்து மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது; சிங்கப்பூரிலும் கடிகாரக் கணக்கு அதேதான். ஜூன் மாதத்தில் போயிருந்தால் இரவு ஒன்பதரை மணிக்கும் பகல் வெளிச்சம் இருந்திருக்கும். டிசம்பரில் போயிருந்தால் மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்திருக்கும். வயதானவர்களுக்கு இவை இரண்டுமே தொல்லைதான். நாங்கள் போன சமயத்தில் என் தாயார் வீட்டில் விளக்கேற்றும் அதே நேரத்துக்கு அங்கும் விளக்கேற்றினார். ஆனால் வெயில் மட்டும் முற்றிலும் வேறு. அந்த நாள்களில் சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்க, நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும். அங்கோ நண்பகலிலும் சூரியன் தெற்கு வானில் தாழ்வாகவே நிற்பதால், நாள் முழுவதும் நம் ஊரில் மாலை ஐந்தரை மணிக்குக் காணும் சாய்ந்த வெளிச்சம் கற்சுவர்களின் மீதும் படகுகளின் மீதும் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நடந்தாலும் வியர்ப்பதில்லை. முழங்கால் வலியால் உட்லண்ட்ஸில் வீட்டுக்குக் கீழேயுள்ள கடைவரை போவதற்கே யோசிக்கும் என் தாயார், துறைமுகச் சுவரோரமாக நாள்தோறும் காலையும் மாலையும் நடந்தார்.

ஊர் சிறியது, சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஒரு பகல் போதும். எஸ்க் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வடகடலில் கலக்கிறது. ஆற்றின் மீதுள்ள சுழல் பாலம் 1908ல் திறக்கப்பட்டது. படகு வரும்போது பாலம் விலகி வழிவிட, இரு கரையிலும் மக்கள் நின்று காத்திருக்கிறார்கள். கிழக்குக் குன்றின் மேல் 657ல் ஹில்டா என்ற துறவி நிறுவிய மடத்தின் இடத்தில், பிற்காலத்தில் எழுந்த பெரிய மடாலயத்தின் இடிபாடு நிற்கிறது. ஈஸ்டர் திருநாளை எந்தக் கணக்கின்படிக் கொண்டாடுவது என்று 664ல் கூடி முடிவெடுத்த சபை இங்கேதான் கூடியது. எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், 1539ல் மடம் மூடப்பட்டது. குன்றுக்கு ஏற 199 கற்படிகள் உண்டு. ஏற முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம்; மடாலயத்தின் வாசல் வரைக்கும் வாகனச் சாலை இருக்கிறது. என் தாயாரை அந்த வழியாகத்தான் அழைத்துச் சென்றோம்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஊரின் பெருஞ்செல்வம் கடல் விலகும் நேரம்தான். நம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கரை, 1960களில் தொடங்கிக் கடலை மண்ணிட்டு நிரப்பி உருவாக்கிய கரை. அங்கே அலை உயர்ந்து தாழ்வதை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. விட்பியிலோ பெருக்கு உச்சத்தில் இருக்கும்போது அணைச்சுவரில் மோதும் கடல், வற்றும்போது மிகவும் பின்வாங்கி, பரந்த மணல்வெளியை விட்டுச் செல்கிறது. சம இரவுப் பகல் நாள்களை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமிகளில் ஏற்றவற்றம் ஆண்டிலேயே மிகப் பெரியதாக இருக்கும். நீர்மட்ட வேறுபாடு 5 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் மேற்குக் குன்றின் அடியிலிருந்து சாண்ட்ஸெண்ட் என்ற அடுத்த சிற்றூர் வரை மணலிலேயே நடந்து போகலாம். ஆனால் ஏற்றவற்ற நேரப் பட்டியலைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. கடல் திரும்பி வரும் வேகத்தில் குன்றுக்கும் நீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள நேரிடும். குன்றுகளிலிருந்து பாறை சரிவதும் வழக்கம் என்பதால் அடிவாரத்தை ஒட்டி நடக்கக் கூடாது. இந்த இரண்டையும் நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் முதல் நாளே வற்புறுத்திச் சொன்னார். நானும் அதே அழுத்தத்தோடு இங்கே எழுதுகிறேன்.

அப்படி ஒரு நாள் நடந்தபோது, என் மகன் ஈர மணலில் கிடந்த சாம்பல் நிற உருண்டைக் கல்லொன்றை எடுத்துவந்தான். ஒரு பக்கம் உடைந்திருந்த அதன் உள்ளே, சுருள் சுருளாக, ஒவ்வொரு சுற்றிலும் நெருக்கமான வரிகளோடு ஒரு சங்கு வடிவம் இருந்தது. அம்மோனைட் எனப்படும் கடலுயிரியின் கல்லாகிப்போன எச்சம் அது. அந்த உயிர்கள் டைனோசர் காலத்தில் வாழ்ந்தவை. ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்று ஊர்க்கதை சொல்வதும் இந்தக் கற்களைப் பற்றித்தான். விட்பியின் ஊர்ச் சின்னத்திலும் மூன்று அம்மோனைட்டுகள் இருக்கின்றன. என் தாயார் அதைக் கையில் வாங்கி, விரலால் வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது சாளக்கிராமம் இல்லையா தம்பி?” என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களும் அம்மோனைட் எச்சங்களே. புரட்டாசி மாதத்தில், யார்க்‌ஷயரின் கடற்கரையில், பேரன் எடுத்துத் தந்த கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் என் மனைவியும் பேசாமல் நின்றோம். பள்ளியில் நிலவியல் படித்திருந்தாலும் அவனுக்கு அப்பாயி சொன்ன செய்தி புதியது. அவருக்கு அவன் சொன்ன 18 கோடி ஆண்டுக் கணக்கு புதியது. திரும்பி நடந்த வழியெல்லாம் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதே பாறை அடுக்குகளில் கிடைக்கும் இன்னொரு பொருள் ஜெட் என்ற கருங்கல். கல் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது, ஆரக்கேரியா குடும்பத்தைச் சேர்ந்த பழங்கால மரங்கள் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகியதால் உண்டானது. கணவரை 1861ல் இழந்த விக்டோரியா மகாராணி துக்கத்துக்காக இதை அணிந்ததால், விட்பியின் ஜெட் நகைத் தொழில் அக்காலத்தில் பெருகியது. இன்றும் சில பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், முதியவர் ஒருவர் மெருகிடாத பீங்கான் துண்டின் மீது நிலக்கரியையும் ஜெட்டையும் அடுத்தடுத்து உரசிக் காட்டினார். நிலக்கரி கறுப்புக் கோடு போட்டது. ஜெட் பழுப்புக் கோடு போட்டது. கையில் வைத்தால் கனமும் தெரியவில்லை, கல்லின் குளிர்ச்சியும் தெரியவில்லை. வாங்க வேண்டும் என்று அவர் எங்களை வற்புறுத்தவில்லை. ஆனாலும் என் மனைவி காதுக்குச் சிறியதாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்.

துறைமுகத்தில் உயிர்காக்கும் படகுக் குழுவின் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. 1861 பிப்ரவரியில் வீசிய புயலில், கப்பல்களில் சிக்கியவர்களை மீட்பதற்காக ஒரே நாளில் மீண்டும் மீண்டும் கடலுக்குள் சென்ற விட்பியின் மீட்புப் படகு கடைசியில் கவிழ்ந்தது. அதில் இருந்த 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த தக்கை மிதவைச் சட்டையை அணிந்திருந்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர் மட்டும் பிழைத்தார். என் மகன் இதைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, என் தாயார் அந்தப் பலகையின் முன்னே நின்றுகொண்டே இருந்தார். அவர் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். மணமான பிறகு, 1960களில், நாகையிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் ஏறிச் சிங்கப்பூருக்கு வந்தவர். கப்பலேறிய அன்று கரையில் நின்ற தம் தந்தையின் முகத்தைப் பற்றியும், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையை அழித்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைப் பற்றியும் அன்று மாலை என் மகனிடம் சொன்னார். எனக்கே அதில் பாதி புதிய செய்தி. உட்லண்ட்ஸ் வீட்டில், ஆளுக்கொரு திசையில் வேலைக்கும் வகுப்புக்கும் ஓடும் நாள்களில், இதைச் சொல்ல அவருக்கும் கேட்க எங்களுக்கும் நேரம் வாய்த்ததே இல்லை. ஐந்து நாள்களில் நான்கு நகரங்களைப் பார்க்கும் சுற்றுலாவிலும் அது வாய்த்திருக்காது.

உணவைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பயணக் காலம் பெரும்பாலும் புரட்டாசியில் அமைகிறது. நம் வீடுகள் பலவற்றில் அப்போது அசைவம் கிடையாது. கடலோர ஊரிலோ எங்கு திரும்பினாலும் மீன் வறுவல் கடைதான். மீன் வேண்டாம், உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் யார்க்‌ஷயரில் வழிவழியாக வந்த கடைகள் பலவற்றில் மீனும் உருளைக்கிழங்கும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கப்படுகின்றன. அதுதான் சுவை என்று பெருமையாகவே பலகையில் எழுதி வைப்பவர்களும் உண்டு. ஆகவே இந்துக் குடும்பங்களும், ஹலால் பார்க்கும் நம் இஸ்லாமியச் சகோதரர்களும், வாங்குவதற்கு முன்பு எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடை எது என்று தாங்களே வழிகாட்டுகிறார்கள். வாங்கிய பொட்டலத்தை வெளியில் உட்கார்ந்து பிரித்தால் கடற்பறவைகள் பாய்ந்து பறித்துக்கொண்டு போய்விடும். பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள் என்ற அறிவிப்பை ஊர் முழுவதும் காணலாம்.

இந்தக் காரணத்துக்காகவே, விடுதி அறையைவிடச் சமையலறையோடு கூடிய வாடகை வீட்டை எடுப்பது நல்லது. மீனவர் குடியிருப்புகளாக இருந்த சிறிய கல் வீடுகளை இப்போது விடுமுறைக் குடில்களாக வாடகைக்கு விடுகிறார்கள். பேரங்காடியில் அரிசி, பருப்பு, தயிர், தக்காளி, கொத்தமல்லி எல்லாமே கிடைக்கின்றன. புளியையும் பெருங்காயத்தையும் கறிவேப்பிலைப் பொடியையும் மட்டும் இங்கிருந்து கொண்டுபோனால் போதும். புரட்டாசிச் சனிக்கிழமையன்று என் தாயார் அந்தச் சிறிய சமையலறையில் சர்க்கரைப் பொங்கலும் உளுந்து வடையும் செய்து பெருமாளுக்குத் தளிகை போட்டார். அன்று முதல் என் மகனை அடுப்பின் முன்னே நிறுத்தி, புளியைக் கரைப்பது எப்படி, ரசம் நுரைகட்டி வரும்போது ஏன் உடனே இறக்க வேண்டும், பருப்பு வெந்ததை எப்படி அறிவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். “கொதிக்க விட்டுட்டீன்னா மணம் போயிடும்யா” என்று அவர் சொல்லச் சொல்ல, அவன் கரண்டியோடு குனிந்து நின்று பார்த்தான். விடுதியில் சேர்க்கும் நாளன்று இதற்கெல்லாம் அவகாசம் இருப்பதில்லை. சாவி வாங்க வேண்டும், படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும், தலையணை உறை வாங்க வேண்டும். அதற்குள் பெற்றோர் கிளம்பும் நேரம் வந்துவிடும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வேண்டிய நிதானமான நேரம் அதற்கு முந்தைய நாள்களில்தான் இருக்கிறது. அந்த நாள்களை ரயில்களிலும் கடைத்தெருக்களிலும் நாம் செலவழித்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

பிள்ளைக்கும் இதனால் நன்மை உண்டு. அந்த நாட்டுக் குளிரும், பேச்சின் வட்டார ஒலியும், பேருந்தில் ஏறி இறங்கும் முறையும், பேரங்காடியில் எது எங்கே இருக்கும் என்பதும், குடும்பம் பக்கத்தில் இருக்கும்போதே பழகிவிடுகின்றன. பெயர்பெற்ற கடலோடி ஜேம்ஸ் குக் 1746ல், தம் 18ஆம் வயதில், கப்பல் தொழில் கற்க இந்த ஊருக்குத்தான் வந்தார். அவரைத் தொழில் பழகுநராக எடுத்துக்கொண்ட கப்பல் உரிமையாளரான ஜான் வாக்கரின் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பயிற்சிப் பையன்கள் படுத்துறங்கிய பரண் அறைக்கும் ஏறிப் பார்க்கலாம். பிற்காலத்தில் குக் பசிபிக் பெருங்கடலுக்கு ஓட்டிச் சென்ற ‘எண்டெவர்’, 1764ல் விட்பியில் கட்டப்பட்டு நிலக்கரி ஏற்றப் பயன்பட்ட தட்டையடிக் கப்பல். என் மகன் அந்தப் பரணில்தான் அதிக நேரம் நின்றான்.

குளிரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. செப்டம்பர் பிற்பகுதியில் பகலில் ஏறத்தாழ 16 பாகையும் இரவில் 10 பாகையும் இருக்கும். கனத்த பனிக்கால மேலங்கி தேவையில்லை. மெல்லிய கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, மேலே காற்றும் மழையும் புகாத ஓர் அங்கியைப் போட்டுக்கொண்டால் போதும். காற்று பலமாக வீசுவதால் குடை பயன்படாது. தலையை மூடும் தொப்பி உள்ள மேலங்கியே உதவும். மழை வந்தாலும் பெரும்பாலும் தூறிவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் வானம் தெளிந்துவிடும். அப்படித் தெளிந்த ஒரு காலைப்பொழுதில், காட்டு வாத்துகள் வரிசை கட்டிக் கடலோரமாகத் தெற்கே பறந்து போவதைப் பார்த்தோம். குளிருக்கு முன்பு ஐஸ்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதே செப்டம்பரில் சைபீரியாவிலிருந்து கரைப்பறவைகள் நம் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வந்து இறங்குகின்றன என்று என் மனைவி அவரிடம் சொன்னபோது, அவர் சிங்கப்பூரைப் பற்றி மேலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

செலவும் எல்லாரும் நினைப்பதுபோல் கூடிவிடாது. ஊர் விட்டு ஊர் மாறும்போதெல்லாம் நான்கு பேருக்கு ரயில் சீட்டும், இரண்டு விடுதி அறைகளும், மூன்று வேளை உணவக உணவும் தேவைப்படும். ஒரே வீட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டால் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி இல்லாமல் போகிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி செல்லும் இளைய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது எளிதன்று. செப்டம்பர் பள்ளி விடுமுறை ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் தேர்வுக் காலம் வந்துவிடுகிறது. அத்தகைய குடும்பங்களில் பெற்றோரில் ஒருவர் மட்டுமாவது, பிள்ளையோடும் தாத்தா பாட்டியோடும் செல்லலாம்.

நம் பயண முகவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் முதலில் அணுகிய முகவர் ஒருவர், நம் மக்கள் அங்கெல்லாம் போவதில்லை, அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கூறி, பல நாடுகளை ஒரே மூச்சில் காட்டும் திட்டத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார். இறுதியில் எல்லா ஏற்பாடுகளையும் நாங்களே செய்துகொண்டோம். இணையத்தில் தேடி முன்பதிவு செய்யத் தெரியாத பெற்றோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் முகவர் காட்டுவதைத்தான் வாங்குவார்கள். தேக்காவிலும் பிற இடங்களிலும் உள்ள நம் முகவர்கள், பல்கலைக்கழகம் திறக்கும் காலத்தை ஒட்டி, யார்க், டரம், லீட்ஸ் போன்ற நகரங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் குடும்பங்களுக்காக, அருகிலுள்ள கடலோர ஊரில் சமையலறையோடு கூடிய வீடும், ரயில், பேருந்துச் சீட்டும், முதியோருக்கு வேண்டிய வாகன வசதியும் சேர்ந்த எளிய திட்டம் ஒன்றை வகுக்கலாம். விட்பி மட்டும்தான் என்றில்லை. யார்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலிலேயே சென்றடையக்கூடிய ஸ்கார்பரோவும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே நலம்தரும் ஊற்றுநீருக்காக மக்கள் நாடி வந்த பழைய கடற்கரை நகரம் அது. பேருந்தில் நெடுநேரம் உட்கார முடியாதவர்களுக்கு விட்பியைவிட ஸ்கார்பரோ வசதியாக இருக்கக்கூடும்.

புறப்பட எண்ணுபவர்கள் இரண்டு காரியங்களை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களும் 2025 முதல் பிரிட்டனுக்குள் நுழைய மின்னணுப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். பாட்டி தாத்தாவுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள். மாணவருக்கு இது பொருந்தாது. அவருக்கு மாணவர் விசாதான் வேண்டும். அடுத்து, தரைத்தளத்தில் படுக்கையறை உள்ள வீடு வேண்டும் என்றால், பிள்ளைக்கு இடம் உறுதியான உடனே பதிவு செய்துவிடுங்கள். அந்தப் பழைய மீனவர் வீடுகளில் மாடிப்படிகள் குறுகலும் செங்குத்துமாக இருப்பதால், முதியோருக்கு ஏற்ற வீடுகள் சிலவே உள்ளன. அவை கோடைக்கு முன்பே போய்விடுகின்றன.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர்